மிட்டாய்க் கடையில் வளர்ந்த கதைத் தொடர்

மளிகைக் கடைக்காரர்களாகிய நமக்கும் பழைய காகிதத்துக்கும் நெடுநாள் உறவு உண்டு. பிளாஸ்டிக் பை வருவதற்கு முன் பருப்பும் மிளகும் சீரகமும் நம் கடைகளிலிருந்து காகிதப் பொட்டலமாகவே வெளியே போயின. செய்தித்தாள், பள்ளி நோட்டு, கதைப் புத்தகம் என்று எடைக்கு வந்த எதையும் பேதம் பாராமல் கிழித்துச் சுருட்டி, சணலால் கட்டிக் கொடுத்தோம். செய்தித்தாள் போன்ற காகிதங்களில் உணவுப் பொருளைக் கட்டக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறை தடுத்துவிட்டது. அதற்கு முன் எத்தனை நல்ல புத்தகங்கள் நம் கையாலேயே பொட்டலமாகிப் போயின என்பது எந்தப் பேரேட்டிலும் பதிவாகவில்லை.

1980-களின் இறுதியில் அப்படி எடைக்கு வந்த ஒரு கட்டில் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. நாம் அதைக் கவனித்தபோது அட்டையும் முதல் நாற்பது பக்கங்களும் கடலைப்பருப்போடு போய்விட்டிருந்தன. மதிய நேரம், வியாபாரம் மந்தம். மிச்சத்தைப் புரட்டினோம். சிதைந்துகொண்டிருக்கும் ஒரு பேரரசு, அதன் கடைசிப் பெரிய தளபதி, அவரிடம் அகப்பட்ட ஒரு வியாபாரி என்று கதை ஓடிற்று. அன்று இரவு கடை அடைத்த பிறகும் கீழே வைக்க மனம் வரவில்லை. படித்து முடித்த பிறகு, நம் வாடிக்கையாளரான கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் காட்டினோம். அது ஐசக் அசிமோவ் எழுதிய ‘ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்’ என்றும், மூன்று பாகத் தொடர் ஒன்றின் நடுப் பாகம் என்றும் அவர் சொன்னார்.

முதல் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பிடிக்க நமக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஏமாந்தும் இருக்கிறோம், கற்றும் இருக்கிறோம். பழைய அறிவியல் புனைகதைத் தொடர்களைச் சேர்ப்பது எப்படி, படிப்பது எப்படி என்பதை அந்த ஒரு தொடரை வைத்தே இங்கே விளக்க முயல்கிறோம். சரக்கு அறிந்து கொள்முதல் செய்யும் வணிகர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

கடைக்காரர் மகன்

முதலில் எழுதியவரைப் பற்றி. ஐசக் அசிமோவ் 1920-ஆம் ஆண்டு ரஷ்யாவில் பிறந்தவர். 1923-இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடியேறியது. தந்தை ஜூடா 1926-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரு மிட்டாய்க் கடையை வாங்கினார். மிட்டாய்க் கடை என்று பெயரே தவிர, மிட்டாய், சோடா, சிகரெட், செய்தித்தாள், பத்திரிகை எல்லாம் விற்கும் நம் பெட்டிக் கடை போன்றதுதான் அது. காலை ஆறு மணிக்குத் திறந்தால் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு மணிக்குத்தான் அடைப்பார்கள். வாரத்தில் ஏழு நாளும் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் கல்லாவிலும் நின்றான், செய்தித்தாளும் போட்டான். பெரிய எழுத்தாளரான பிறகும் அசிமோவ் விடியற்காலையில் எழுந்துவிடுவார். அது மிட்டாய்க் கடைப் பழக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

கடையில் பத்திரிகை அடுக்கு ஒன்று இருந்தது. மலிவான காகிதத்தில் அச்சான கதைப் பத்திரிகைகளை மகன் தொடக் கூடாது என்பது தந்தையின் கட்டளை. 1929-இல் ‘சயின்ஸ் வொண்டர் ஸ்டோரீஸ்’ என்ற பத்திரிகை கடைக்கு வந்தது. தலைப்பில் ‘சயின்ஸ்’ என்று இருக்கிறதே, இது படிப்புக்கு உதவும் பத்திரிகை என்று ஒன்பது வயதுப் பையன் வாதாடினான். ஆங்கிலம் அவ்வளவாக அறியாத தந்தை சம்மதித்தார். விற்காத பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதால், படித்த சுவடே தெரியாமல் படித்து மறுபடி அடுக்கில் வைக்க வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்க வழியில்லாத வீட்டில், கடைச் சரக்கே பிள்ளைக்கு நூலகமாயிற்று.

1938-ஆம் ஆண்டு மே மாதம் ‘அஸ்டவுண்டிங்’ என்ற பத்திரிகை வழக்கமான நாளில் கடைக்கு வரவில்லை. நின்றுவிட்டதோ என்று பதறிய அசிமோவ் சுரங்க ரயில் ஏறி வெளியீட்டாளர் அலுவலகத்துக்கே போய் விசாரித்தார். வெளியாகும் நாளை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த அலுவலகத்துக்கு வழி தெரிந்துவிட்டது. அடுத்த மாதமே தம் முதல் கதையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசிரியர் ஜான் கேம்ப்பெலைப் பார்க்கப் போனார். அந்தக் கதை திரும்பி வந்தது, பழக்கம் நிலைத்தது.

1941-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி அதே கேம்ப்பெலைப் பார்க்கப் போகும் வழியில், ரோமப் பேரரசு சரிந்த வரலாற்றை விண்வெளிக்குக் கொண்டுபோனால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஒரு கதையாக எழுத நினைத்ததைத் தொடராக எழுதச் சொன்னவர் கேம்ப்பெல். முதல் கதை ‘ஃபவுண்டேஷன்’ 1942 மே மாத இதழில் வெளியாயிற்று. 1950 ஜனவரி வரை மொத்தம் எட்டுக் கதைகள் அந்தப் பத்திரிகையில் வந்தன. அக்காலத்தில் ஆரம்ப எழுத்தாளர்களுக்கு ஒரு சொல்லுக்கு ஒரு சென்ட் என்ற கணக்கில்தான் கூலி.

கதை என்ன சொல்கிறது

பால்வெளி மண்டலம் முழுவதையும் ஆளும் பேரரசு ஒன்று. வெளிப்பார்வைக்குச் செழிப்பாக இருக்கிறது. உள்ளே உளுத்துப் போயிருக்கிறது. ஹேரி செல்டன் என்ற கணித அறிஞர், பெருந்திரளான மக்களின் போக்கைக் கணக்கால் முன்கூட்டிச் சொல்லும் ஒரு துறையை உருவாக்குகிறார். தனி மனிதன் என்ன செய்வான் என்று அந்தக் கணக்கு சொல்லாது. கோடானுகோடிப் பேர் சேர்ந்தால் எந்தப் பக்கம் போவார்கள் என்று சொல்லும். ஒரு வாடிக்கையாளர் நாளைக்கு எதை வாங்குவார் என்பதை நம்மால் சொல்ல முடியாது. ஆனால் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஊர் மொத்தமாக எவ்வளவு சர்க்கரை வாங்கும் என்பதை ஏறத்தாழச் சொல்லிவிடுவோம் அல்லவா? அந்த அனுபவ அறிவைக் கணிதமாக்கினால் எப்படி இருக்கும் என்பதே அசிமோவின் கற்பனை.

பேரரசு விழப் போகிறது. அதன்பின் முப்பதாயிரம் ஆண்டுகள் இருட்டு என்கிறது செல்டனின் கணக்கு. விழுவதைத் தடுக்க முடியாது; இருட்டை ஆயிரம் ஆண்டாகக் குறைக்கலாம். அதற்காக மண்டலத்தின் ஓரத்தில், உலோக வளமே இல்லாத டெர்மினஸ் என்ற கிரகத்தில் அறிஞர்களைக் குடியேற்றுகிறார். ஃபவுண்டேஷன் என்பது அந்தக் குடியிருப்பின் பெயர்.

வணிகர்கள் விரும்பிப் படிக்க வேண்டிய பகுதி முதல் புத்தகத்தின் பின்பாதி. படைபலம் இல்லாத ஃபவுண்டேஷன் முதலில் தந்திரத்தால் பிழைக்கிறது. பிறகு தன் விஞ்ஞானத்தை மதமாக வேடமிட்டு அண்டை நாடுகளை அடக்குகிறது. அந்த வித்தை எடுபடாத காலம் வரும்போது வியாபாரிகள் முன்னுக்கு வருகிறார்கள். ஹோபர் மேலோ என்ற வணிகர் கொரெல் என்ற நாட்டுக்குச் சரக்கு விற்கிறார். கூடவே மதத்தைக் கொண்டு போகவில்லை. சமையலறைக் கருவிகளும் தொழிற்சாலை இயந்திரங்களும் விற்பனையாகின்றன. பிற்பாடு கொரெல் படையெடுக்கும்போது மேலோ எதிர்த்துப் போரிடவில்லை, வியாபாரத்தை நிறுத்திவிடுகிறார். அங்கே வீட்டுக் கருவிகள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போகின்றன. பழுது பார்க்க ஆள் இல்லை, உதிரிபாகம் இல்லை. தொழிற்சாலைகள் நிற்கின்றன. குடும்பப் பெண்களும் முதலாளிகளும் பொறுமை இழக்கிறார்கள். பெரிய சண்டை என்று ஒன்றும் நடக்காமலேயே மூன்று ஆண்டில் கொரெல் பணிந்துவிடுகிறது.

பீரங்கிக்கு அஞ்சாதவர்கள் அன்றாடச் சரக்கு நின்றுபோனதும் பணிந்துவிடுகிறார்கள் என்று எழுதியவர், கடையில் நின்று மக்களின் அன்றாடத் தேவையைக் கண்ணால் கண்டவர். ஆனால் வணிகர்களை அவர் வெறுமனே புகழவில்லை. இரண்டாம் பாகத்தில் அதே ஃபவுண்டேஷனில் வணிகச் செல்வம் சிலர் கையில் குவிந்து, ஆட்சி பரம்பரைச் சொத்தாகி, சிறு வியாபாரிகள் கலகம் செய்யும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். வளர்த்த கையே நெரிக்கும் கையாக மாறும் என்பதையும் சொல்லியிருப்பதால்தான் இது இன்றும் படிக்கத் தகுந்ததாக இருக்கிறது. 1966-ஆம் ஆண்டு கிளீவ்லாந்தில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், எக்காலத்துக்கும் சிறந்த தொடர் என்ற ஹியூகோ விருது டோல்கீன், ஹைன்லைன் ஆகியோரின் தொடர்களைத் தாண்டி இதற்குக் கிடைத்தது.

ஒரே சரக்கு, பல லேபிள்

இனிக் கொள்முதல் விஷயத்துக்கு வருவோம். பழைய தொடர் வாங்குகிறவர் முதலில் அறிய வேண்டியது, ஒரே கதை எத்தனை வடிவத்தில் சந்தைக்கு வந்தது என்பது. இது தெரியாமல் வாங்கினால் ஒரே சரக்கை இரண்டு முறை வாங்க நேரும்.

முதல் வடிவம் பத்திரிகை. ‘அஸ்டவுண்டிங்’ பழைய இதழ்கள் சேகரிப்போரிடம் நல்ல விலை போகும். போர்க் காலத்தில் பழைய காகிதத்தைத் திரட்டிக் கூழாக்கிய இயக்கங்களில் அழிந்த பத்திரிகைகள் ஏராளம். அதுவும் தட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம். காகிதப் பஞ்சத்தால் அந்தப் பத்திரிகையே 1943-இன் இறுதியில் சிறிய அளவுக்கு மாறிற்று.

இரண்டாவது, கெட்டி அட்டைப் புத்தகம். நோம் பிரஸ் என்ற சிறிய நிறுவனம் 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் ‘ஃபவுண்டேஷன்’, ‘ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்’, ‘செகண்ட் ஃபவுண்டேஷன்’ என்று மூன்று பாகங்களாக வெளியிட்டது. முதல் புத்தகத்தின் முதல் பகுதி புத்தகத்துக்காகவே புதிதாக எழுதப்பட்டது. பத்திரிகை இதழ்களில் அது கிடையாது. இந்த வெளியீட்டால் தமக்கு உரிய பங்குத் தொகை ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்று அசிமோவ் பின்னாளில் எழுதினார். 1961-இல் உரிமை டபுள்டே நிறுவனத்துக்கு மாறிய பிறகுதான் அவருக்கு வரவு வரத் தொடங்கிற்று. நோம் பிரஸ் 1962-இல் மூடப்பட்டது. இன்று அந்த முதல் பதிப்புகள் ஏலத்தில் விற்கும் அரிய பொருள்.

மூன்றாவது, மெல்லிய அட்டைப் புத்தகம். அமெரிக்காவில் 1939-இல் பாக்கெட் புக்ஸ் நிறுவனம் 25 சென்ட் விலையில் இவ்வகைப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. புத்தகக் கடையை மட்டும் நம்பாமல், பத்திரிகை விற்கும் எல்லா இடங்களிலும், அதாவது மருந்துக் கடை, ரயில் நிலையம், பெட்டிக் கடைகளிலும் வைத்து விற்றதே அதன் வெற்றிக்குக் காரணம். 1952-இல் ஏஸ் நிறுவனம் இன்னொரு புதுமை செய்தது. இரண்டு கதைகளை ஒன்றுக்கொன்று தலைகீழாகச் சேர்த்துக் கட்டி, இரு பக்கமும் முன் அட்டை வைத்து, 35 சென்ட்டுக்கு விற்றது. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற நம் காலத்து விளம்பரத்தின் புத்தக வடிவம் என்று சொல்லலாம். கவர்ச்சிக்காகத் தலைப்புகளையும் மாற்றினார்கள். 1955-இல் ‘ஃபவுண்டேஷன்’ சுருக்கப்பட்டு ‘தி 1,000 இயர் பிளான்’ என்ற பெயரில், பவுல் ஆண்டர்சன் கதை ஒன்றோடு சேர்ந்து வந்தது. அதே ஆண்டு ‘ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்’ புத்தகம் ‘தி மேன் ஹூ அப்செட் தி யுனிவர்ஸ்’ ஆயிற்று.

நாம் ஏமாந்தது இங்கேதான். அந்தக் கடைசித் தலைப்பை ஒரு விலைப் பட்டியலில் பார்த்துவிட்டு, இது நாம் கேள்விப்படாத பாகம் என்று மகிழ்ந்து, அமெரிக்காவிலிருந்து வந்த உறவுக்காரப் பையனிடம் வாங்கி வரச் சொன்னோம். பிரித்துப் பார்த்தால் நம்மிடம் இருந்த நடுப் பாகமேதான். காசு போயிற்று என்று சலித்துக்கொண்ட பிறகு ஒன்று உறைத்தது. பருப்புப் பொட்டலமாகப் போன முதல் பக்கங்கள் இதில் இருந்தன. நாமே கிழித்ததை நாமே டாலர் கொடுத்து மீட்டோம்.

நான்காவது, புத்தகக் கழகப் பதிப்பு. அமெரிக்காவில் சயின்ஸ் ஃபிக்ஷன் புக் கிளப் 1960-களிலிருந்து மூன்று பாகங்களையும் ஒரே கெட்டி அட்டைக்குள் சேர்த்து உறுப்பினர்களுக்கு அனுப்பிற்று. எண்ணிக்கையில் மிகுதியாக அச்சானதால் பழைய புத்தகக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும்; விலையும் குறைவு. படிப்பதற்கு மட்டும் வேண்டும் என்பவருக்கு இதைவிட லாபமான கொள்முதல் இல்லை. முதல் பதிப்பு என்று யாராவது அதிக விலை சொன்னால், மேலுறையின் உள்மடிப்பைப் பாருங்கள். கழகப் பதிப்பாக இருந்தால் பெரும்பாலும் அங்கே விலை அச்சாகியிருக்காது. ‘புக் கிளப் எடிஷன்’ என்றே போட்டிருப்பதும் உண்டு.

இங்கிலாந்தில் பாந்தர் நிறுவனம் மெல்லிய அட்டையில் வெளியிட்டது. 1970-களில் கிறிஸ் ஃபாஸ் வரைந்த பிரம்மாண்டமான விண்கலப் படங்களோடு வந்த மூன்று பாகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்று அட்டையும் சேர்ந்து ஒரே படமாகும். ஒரு பாகம் குறைந்தாலும் படத்தில் ஓட்டை விழும். தொடர் சேர்ப்பவரின் ஆசையும் அவஸ்தையும் அந்த அட்டைப் படத்திலேயே இருக்கிறது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பட்டியல் முதலில், பணம் பிறகு. ஒரு தொடரில் எத்தனை பாகம், எந்த ஆண்டு, வேறு தலைப்பு உண்டா என்று ஒரு சிறு நோட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இருப்புப் புத்தகம் இல்லாமல் கொள்முதலுக்குப் போகும் வணிகர் எந்த நிலைக்கு ஆளாவாரோ அதே நிலைதான் பட்டியல் இல்லாத சேகரிப்பாளருக்கும். ஃபவுண்டேஷன் தொடருக்கு அசிமோவ் எழுதியவை மொத்தம் ஏழு. முதல் மூன்றுக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளி விட்டு ‘ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்’ 1982-இல் வந்தது. ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’ 1986, ‘பிரிலூட் டு ஃபவுண்டேஷன்’ 1988. அவர் 1992 ஏப்ரலில் காலமான பின் ‘ஃபார்வர்ட் தி ஃபவுண்டேஷன்’ 1993-இல் வெளியாயிற்று. 1997 முதல் 1999 வரை பென்ஃபோர்ட், பேர், பிரின் ஆகிய மூவர் ஆளுக்கொன்றாக எழுதிய மூன்று புத்தகங்கள் தனிக் கணக்கு.

தரச் சொற்களை அப்படியே நம்பாதீர்கள். பழைய புத்தக வியாபாரத்தில் ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று தரம் பிரிப்பார்கள். ‘குட்’ என்றால் நல்லது என்று நாம் நினைப்போம். அவர்கள் கணக்கில் அது நன்றாக அடிபட்ட சராசரிப் பிரதி. பக்கங்கள் எல்லாம் இருக்கும், அவ்வளவே. அரிசியில் முதல் ரகம், இரண்டாம் ரகம் என்பதற்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘ரீடிங் காப்பி’ என்று குறித்திருந்தால் படிக்க மட்டுமே உதவும், சேகரிக்க உதவாது என்று பொருள்.

அட்டை இல்லாத புத்தகத்தை வாங்காதீர்கள். இதற்குப் பின்னால் ஒரு வியாபார முறை இருக்கிறது. அமெரிக்காவில் விற்காத மெல்லட்டைப் புத்தகத்தை முழுதாகத் திருப்பி அனுப்பினால் வண்டிக் கூலி சரக்கின் மதிப்பைத் தின்றுவிடும். ஆகையால் கடைக்காரர் முன் அட்டையை மட்டும் கிழித்து அனுப்பினால் போதும், அதற்கு வரவு வைப்பார்கள். மீதிப் புத்தகத்தை அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அழிக்காமல் பாதி விலைக்கு விற்றவர்களும் உண்டு. அதனால்தான் பல புத்தகங்களின் உட்பக்கத்தில், அட்டை இல்லாத பிரதி திருட்டுச் சரக்காக இருக்கலாம் என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். கம்பெனியிடம் வரவு வாங்கிக்கொண்ட காலாவதிச் சரக்கை மறுபடி அலமாரியில் வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. நேர்மையான வணிகர் அதை விற்கவும் மாட்டார், வாங்கவும் மாட்டார்.

கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மலிவுப் புத்தகங்களில் முதலில் கழன்று விழுவது முன்னும் பின்னும் உள்ள தாள்கள்தான். கதையின் முடிவு இல்லாத புத்தகத்தை வாங்கி வருவதைப் போன்ற வருத்தம் வேறில்லை. பக்க எண்களை ஒருமுறை தள்ளிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எந்த வரிசையில் படிப்பது

தொடர்கள் விஷயத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கதைக்குள் நடக்கும் காலத்தின்படி பார்த்தால் 1988-இல் வந்த ‘பிரிலூட் டு ஃபவுண்டேஷன்’தான் முதலாவது, செல்டனின் இளமைக் காலத்தைச் சொல்கிறது. அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் அசிமோவே கதைக்கால வரிசையில் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே தொடங்குகிறவர்கள் பலர்.

வெளிவந்த வரிசையில் படிப்பதே நலம் என்பது நம் அனுபவம். முன்கதையை எழுதியவர், படிப்பவருக்குப் பின்கதை தெரியும் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறார். முதலிலேயே முன்கதையைப் படித்துவிட்டால், பின்னால் அவிழ வேண்டிய முடிச்சு முன்னாலேயே அவிழ்ந்துவிடும். தவிர, முதல் மூன்று பாகங்கள் குறுகிய கதைகளின் தொகுப்பு. ஒவ்வொரு கதையும் கடை அடைத்த பின் இரண்டு இரவில் படித்துவிடும் அளவு. பிற்காலப் புத்தகங்கள் நீண்ட நாவல்கள். பொழுது குறைவாக உள்ளவர்களுக்கு முதல் மூன்றே போதும். அவை தம்மளவில் முழுமையானவை. பழைய கதைகளில் எல்லாரும் ஓயாமல் புகை பிடிப்பார்கள். விண்கலம் ஓட்டுகிறவர்கள் செய்தித்தாள் படிப்பார்கள். பெண் பாத்திரங்கள் முதல் புத்தகத்தில் மிகவும் குறைவு. எழுதிய காலத்தின் முத்திரை இவை என்று எடுத்துக்கொண்டால் வாசிப்புக்குத் தடையாகாது.

பாதுகாப்பது எப்படி

அக்காலப் பத்திரிகைகளும் மலிவுப் பதிப்புகளும் மரக்கூழ்க் காகிதத்தில் அச்சானவை. அந்தக் காகிதத்திலேயே அமிலம் உண்டு. வெயிலும் வெப்பமும் பட்டால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, மடித்தால் ஒடியும். இதை முழுவதும் நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். வெயில் படாத, காற்றோட்டமான, ஈரம் ஏறாத இடத்தில் புத்தகத்தை நிமிர்த்தி வையுங்கள். சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் சுவரின் ஈரம் தாளுக்கு இறங்கும். கிழிந்த பக்கத்தை செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள். சில ஆண்டில் பசை பழுப்பாகி எழுத்தையே மறைத்துவிடும். கிடங்கில் தானிய மூட்டையோடு சேர்த்து வைப்பது கூடவே கூடாது. எலிக்கும் ராமபாணப் பூச்சிக்கும் புத்தகக் கட்டின் பசை நல்ல தீனி.

இறுதியாக

2021-இல் இந்தத் தொடர் தொலைக்காட்சிப் படமாகவும் வரத் தொடங்கியது. புதிய பதிப்புகள் வேண்டிய அளவு கிடைக்கின்றன. படிப்பதற்குப் பழையதைத்தான் தேட வேண்டும் என்ற கட்டாயம் இன்று இல்லை. ஆனால் பழைய புத்தகத்தைக் குறைந்த விலைக்கு வாங்கிப் படிக்கும் மாணவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாகும் வரை, அப்படிப்பட்ட எத்தனையோ பேருக்குப் பழைய புத்தகம் கொடுத்த இடம்.

வணிகப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது இரண்டு. உணவுப் பொருளை இப்போது பழைய தாளில் கட்டுவதில்லை என்றாலும், சோப்பு, ஆணி, பூட்டு என்று மற்றவற்றைச் சுற்றப் பழைய காகிதம் இன்னும் நம் கடைகளுக்கு எடைக்கு வருகிறது. கட்டைப் பிரிக்கும்போது அதில் புத்தகம் இருந்தால் கிழிக்குமுன் முதல் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். தொடரின் ஒரு பாகமாக இருந்தால் எடுத்துத் தனியே வையுங்கள். கிலோ விலைக்கு அது நமக்கு ஒன்றுமில்லை. மற்ற பாகங்களை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

மற்றொன்று, பள்ளி விட்டு வந்து நமக்கு உதவியாகக் கல்லாவில் உட்காரும் பிள்ளைகளைப் பற்றியது. கூட்டமில்லாத நேரத்தில் அவர்கள் கையில் ஒரு புத்தகம் இருந்தால் கண்டிக்காதீர்கள். தலைப்பில் ஒரு சொல்லைப் பார்த்துச் சம்மதித்த புரூக்ளின் கடைக்காரருக்குத் தாம் எதற்குச் சம்மதித்தோம் என்று அன்று தெரியாது. அவர் மகன் பின்னாளில் எழுதிய முந்நூறுக்கும் மேற்பட்ட புத்தகங்களுக்கு முதல் நூலகம் அந்தக் கடையின் பத்திரிகை அடுக்குதான்.